45-ஐ விடுங்கள், 90-ஐப் பிடியுங்கள்: படச்சட்டத்தின் மூலை வாய் பிளக்காமல் இருக்க

சட்டத்தின் மூலையில் இடைவெளி தெரிந்தால் முதலில் திட்டு வாங்குவது ரம்பம். அடுத்தது மரம். அப்புறம் மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அப்பி, மேலே பாலிஷ் போட்டு மறைப்பார்கள். பாலிஷ் ஏறியதும் அந்த இடம் மட்டும் திட்டாகத் தனியே தெரியும். கும்பகோணத்தில் எங்கள் பட்டறையில் அடிக்கும் சட்டங்களில் பெரும்பங்கு தஞ்சாவூர் ஓவியங்களுக்குத்தான். தங்க ரேக்கும் கல்லும் பதித்த படத்தைச் சுற்றி வரும் தேக்குச் சட்டத்தில் அந்தத் திட்டு இருந்தால், பார்க்கிறவர் கண் கிருஷ்ணரை விட்டுவிட்டு மூலைக்குப் போய்விடும்.

தவறு பெரும்பாலும் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு சட்டத்துக்கு நாலு பட்டை, ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் 45 டிகிரிச் சாய்வு, ஆக எட்டு வெட்டு. ஒவ்வொன்றும் அரை டிகிரி குறைந்து 44.5 ஆக விழுந்தால், மூன்று மூலைகளை மூடிய பிறகு நாலாவது மூலையில் 4 டிகிரி பிளந்து நிற்கும். 40 மி.மீ. அகலப் பட்டையில் சாய்வு வெட்டின் நீளம் ஏறக்குறைய 57 மி.மீ.; அதில் 4 டிகிரி என்றால் ஒரு முனையில் 4 மி.மீ. இடைவெளி. அரை டிகிரியை எந்தக் கண்ணும் பார்க்காது, 4 மி.மீ.-ஐ எல்லாக் கண்ணும் பார்க்கும்.

அதற்காக மிகச் சரியான 45-ஐத் தேடி அலைய வேண்டாம். சேரும் இரண்டு முகங்களும் கூட்டினால் 90 வந்தால் போதும். ஒன்று 44.9, மற்றது 45.1 என்றாலும் மூலை இறுக்கமாக மூடும். ஆகவே இரண்டு முகங்களையும் ஒரே செங்கோணத்தின் இரண்டு பக்கங்களில் வைத்துச் சீவினால், ஒரு பக்கத்தில் கூடும் பிழை மறுபக்கத்தில் தானாகக் கழிந்துவிடும். இதற்கு ஒரு எல்லை உண்டு. 44-ம் 46-மாக விலகினால் மூலை மூடும், ஆனால் இரண்டு சாய்வுகளின் நீளத்துக்கும் நடுவே 2 மி.மீ. வித்தியாசம் வந்து, பட்டையில் ஓடும் கோடுகள் மூலையில் ஒன்றோடொன்று சேராது.

அந்தச் செங்கோணத்துக்கு ஒரு சீவும் பலகை செய்துகொள்ளுங்கள். 18 மி.மீ. பிளைவுட் அடிப்பலகை, இரண்டடி நீளம், ஓரடி அகலம். அதன் மேல் 12 மி.மீ. பிளைவுட் ஒன்றை ஒட்டுங்கள். ஒரு பக்கம் நீளவாக்கில் 80 மி.மீ. காலியாக இருக்கட்டும். இழைப்புளி பக்கவாட்டில் படுத்து ஓடும் பாதை அது. மேல் பலகையில், பாதையின் விளிம்பைத் தொட்டபடி ஒரு முக்கோணக் கட்டை. இந்தக் கட்டையை நீங்கள் அறுக்கவே வேண்டாம். புது பிளைவுட் ஷீட்டின் மூலை ஃபேக்டரியில் வெட்டியது. நேராக, செங்கோணமாக இருக்கும். அந்த மூலையை அப்படியே நறுக்கி எடுத்து, கூர் பாதையைப் பார்க்கும்படி வையுங்கள். முதலில் கூருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்க்ரூ. கட்டையை லேசாகத் திருப்பி இரண்டு பக்கமும் 45-க்குப் பக்கமாக வந்ததும் இரண்டாவது ஸ்க்ரூ.

ஃபேக்டரி மூலை என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். மூலைமட்டத்தால் பாருங்கள். மூலைமட்டத்தையும் முதலில் சோதியுங்கள்: நேரான விளிம்புள்ள பலகையில் அதை வைத்துக் கூர்மையான பென்சிலால் ஒரு கோடு, பிறகு மட்டத்தைப் புரட்டி வைத்து அதே இடத்திலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றானால் மட்டம் சரி. விரிந்தால், தெரிகிற விரிசலில் பாதி மட்டத்தின் பிழை. கடையிலேயே இதைச் செய்து பார்த்து வாங்கலாம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இப்போது நீளம். 12-க்கு 15 அங்குலப் படத்தை எடுத்துக்கொள்வோம். அது 305-க்கு 381 மி.மீ. படம் உட்காரும் காடி (பட்டையின் பின்பக்க உள்விளிம்பில் இருக்கும் பள்ளம்) 8 மி.மீ. அகலம் என்றால், 40 மி.மீ. பட்டையில் படத்துக்கு வெளியே நிற்பது 32 மி.மீ. இரண்டு பக்கத்துக்கு 64. படம் நெருக்கமாகச் சிக்காமல் இருக்க 3 மி.மீ. தளர்வு. ஆக வெளி அளவு 372, 448. நான்கையும் கூட்டினால் 1640. ஆறடிப் பட்டை ஒன்று போதும், ரம்பம் தின்பதற்கும் சேர்த்து. பட்டை வாங்கும்போதே காடியின் ஆழத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி கல்லிலும் ரேக்கிலும் படாமல் நிற்க நடுவே ஒரு மெல்லிய ரீப்பர் வைக்க வேண்டியிருக்கும், அதற்கும் இடம் வேண்டும்.

அறுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. இறுதி முகத்தைத் தரப்போவது இழைப்புளி என்பதால், ரம்பம் 1 மி.மீ. மிச்சம் விட்டு அறுத்தால் போதும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் மைட்டர் பாக்ஸ்கூட (ரம்பத்தைச் சாய்வாக நடத்தும் பள்ளமுள்ள பெட்டி) இதற்குச் சரிதான். அதன் பள்ளம் அகலமாகி ரம்பம் ஆடும் என்பதால், அதையே நம்பி மூலையை ஒட்டிவிடாதீர்கள். மெஷின் இருந்தால், 10 அங்குல பிளேடில் 60 பல்லுக்குக் குறையாமல் போடுங்கள். சாய்வாக அறுக்கும்போது பட்டை மெல்ல நகர்ந்து போகும் குணம் உண்டு. பட்டை சாயும் இடத்தில் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி வைத்தால் நகராது. பிளேடு நின்ற பிறகுதான் மெஷினின் தலையைத் தூக்க வேண்டும்.

சீவும்போது பட்டையின் வெளி விளிம்பு முக்கோணக் கட்டையோடு ஒட்டியிருக்கட்டும். இழைப்புளி உள்விளிம்பில் தொடங்கிக் கூர்முனையை நோக்கி ஓடும். கூர்முனைக்குப் பின்னால் கட்டை தாங்குவதால் நார் பிய்யாது. மறுமுனைக்குப் பட்டையைக் கட்டையின் அடுத்த பக்கத்துக்கு மாற்றி, சீவும் பலகையை முன்பின்னாகத் திருப்பிவைத்து எதிர்த்திசையிலிருந்து தள்ள வேண்டும். இழைப்புளி எப்போதும் மரத்தைக் கட்டைக்குள் தள்ள வேண்டும், கட்டையிலிருந்து விலக்கக் கூடாது. இரும்பு இழைப்புளியே இந்த வேலைக்கு நல்லது. மரத்தால் ஆன பழைய இழைப்புளியின் பக்கவாட்டு அடிப்பாகத்துக்குச் செங்குத்தாக இருக்குமென்று சொல்ல முடியாது. பிளேடை முடிந்தவரை உள்ளே இழுத்துவிடுங்கள். தேக்கின் குறுக்கு முனையில் (நார் வெட்டுப்பட்டுத் தெரியும் முகத்தில்) சீவல் தூளாக உதிர்ந்தால் தீட்ட வேண்டிய நேரம். வெங்காயத் தோல் போலச் சுருண்டு வந்தால் சரி. சத்தமும் மாறும், கரகரப்பு போய் ஒரே சீராக 'ஸ்ஸ்' என்று வரும்.

எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒரே நீளமாக இருப்பதுதான் முக்கியம். 448 என்பது 447.5 ஆனால் குடி முழுகாது. ஒன்று 448, மற்றது 447.5 என்றால் மூலை மூடாது. இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து நிறுத்தி, முனைகளில் விரலை ஓட்டுங்கள். டேப் காட்டாத வித்தியாசத்தை விரல் காட்டும். நீளமாக இருப்பதை மட்டும் ஒரு சீவல் எடுங்கள்.

ஒட்டுவதற்கு முன் பசையில்லாமல் நான்கையும் சேர்த்துப் பாருங்கள். சரி, மூடுகிறது என்றால்தான் பசை. குறுக்கு முனை பசையைக் குடித்துவிடும். எனவே தண்ணீர் கலந்த பசையை முதலில் பூசி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு கெட்டிப் பசை. சிலர் இரண்டு இரண்டாக எல் வடிவில் ஒட்டிக் காயவைத்து அப்புறம் சேர்ப்பார்கள். நான் நான்கையும் ஒன்றாகவே இறுக்குவேன், மூலைகள் ஒன்றையொன்று இழுத்துச் சரிசெய்துகொள்ளும். மூலை கிளாம்ப் இல்லாவிட்டால் பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து, இழுத்து இழுத்துச் சட்டத்தைச் சுற்றிக் கட்டுங்கள். நான்கு மூலையிலும் ஒரே இறுக்கம் கிடைக்கும். கட்டியதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தை அழுத்திவிட்டால் சட்டம் திரும்பும். ராத்திரி முழுக்க அப்படியே கிடக்கட்டும்.

கண்ணாடியும் பலகையும் ஏறினால் கனம் அதிகம், பசையை மட்டும் நம்ப முடியாது. காய்ந்த பிறகு வெளி மூலையில் குறுக்காக இரண்டு ரம்ப வெட்டுப் போட்டு, அதில் சரியாக இறங்கும் மெல்லிய தேக்குத் துண்டைப் பசையோடு செருகுங்கள். துண்டின் நார் மூலையைக் கடந்து ஓட வேண்டும், மூலைக்கோட்டோடு ஓடினால் பயனில்லை. வெட்டு காடியைத் தொடாமல் 20 மி.மீ. ஆழத்தோடு நிற்கட்டும். மிச்சத்தை உளியால் நறுக்கிவிடலாம்.

மரம் நீளத்தில் அநேகமாகச் சுருங்காது, அகலத்தில் சுருங்கும். அதனால் ஐப்பசி அடைமழையில் ஈரம் குடித்த பட்டையை வெட்டி ஒட்டினால் சித்திரையில் மூலையின் உள்பக்கம் திறக்கும். வெயிலில் காய்ந்த பட்டையை ஒட்டினால் மழையில் வெளிப்பக்கம் திறக்கும். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்தாலே மரம் எந்த நிலையில் வெட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். பட்டையை வாங்கியதும் அறுக்காமல் பட்டறையிலேயே இரண்டு வாரம் கிடத்திவையுங்கள். வாடிக்கையாளர் அவசரப்படுவார், அவரிடம் கண்ணாடி இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்படியும் வெளி மூலையில் மயிரிழை அளவு தெரிந்தால் மக்கு அப்ப வேண்டாம். ஸ்க்ரூடிரைவரின் உருண்டைத் தண்டால் அந்த முனையை இரண்டு பக்கத்திலிருந்தும் அழுத்தித் தேயுங்கள். நார் மடிந்து கோட்டை மூடிவிடும். பிறகு உப்புத்தாள், பாலிஷ்.