பாலாற்று ஊற்றும் 54 அட்டைகளும்: சொந்தமாக ஒரு அட்டை விளையாட்டை உருவாக்கி வெளியிடுவது எப்படி?

அட்டை விளையாட்டு செய்ய ஆசைப்படுகிறவர்களில் பலர் படத்தில்தான் தொடங்குகிறார்கள். ஓவியம் தயார், பெயர் தயார், பெட்டிகூடத் தயார். ஆட உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். எடுக்க வேண்டியது, போட வேண்டியது, அடுத்தவருக்கு விட வேண்டியது. நடுவில் யோசிப்பதற்கு ஒன்றுமே இருக்காது. அதனால் இந்தச் செய்முறையில் படம் தாமதமாகத்தான் வரும். பணம் அதற்கும் பிறகு.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் கைக்கு வராது. ஒரு விளையாட்டையே எடுத்துக்கொண்டு கடைசிவரை செய்து பார்ப்போம். பெயர் ‘ஊற்று’. 2 முதல் 4 பேர் ஆடலாம்.

1. ஆடுகிறவரைத் தவிக்கவைக்கும் ஒரு முடிவு

வேலூர்க்காரர்களுக்குப் பாலாற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, 348 கிலோமீட்டர் ஓடி, செங்கல்பட்டு மாவட்டத்து வயலூர் அருகே கடலில் சேரும் ஆறு. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரிவது மணல்தான். நீர் அடியில் இருக்கிறது. ஊற்றுத் தோண்டினால் சுரக்கும். ஆழமாகப் போனால் மணல் சரிந்து பள்ளம் மூடிக்கொள்ளும். ‘இன்னும் கொஞ்சம் தோண்டலாமா, இதோடு நிறுத்திக்கொள்ளலாமா?’ இதுதான் நமக்குத் தேவையான முடிவு. இதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது விதியையும் ஊரே தருகிறது. நம் ஏரிகள் சங்கிலியாக அமைந்தவை. ஓர் ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது வழிந்தால், அந்த நீர் கீழே இருக்கும் அடுத்த ஏரிக்குப் போகும். ஆகவே விளையாட்டில் பேராசைப்பட்டுத் தோண்டினால், மிச்சம் பக்கத்தில் இருப்பவருக்குப் போய்ச் சேரும். கருவுக்குள்ளிருந்து விதி இப்படி வந்தால் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆம்பூர் பிரியாணியை வைத்துச் செய்தாலும் சரி, குடியாத்தம் தறியை வைத்துச் செய்தாலும் சரி, அந்தத் தொழில் நடக்கும் விதத்தில் எங்கே ஒருவர் தயங்கி நிற்கிறார் என்று தேடுங்கள். அங்கேதான் உங்கள் விளையாட்டு இருக்கிறது.

2. விதிகளை அரைப்பக்கத்தில் எழுதுங்கள்

‘ஊற்று’ விதிகள் இவ்வளவுதான். 54 அட்டைகளையும் கலைத்துக் கவிழ்த்து நடுவில் வையுங்கள், அதுதான் ஆறு. உங்கள் முறை வரும்போது மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஒரே முறையில் இரண்டாவது மணல் அட்டை வந்துவிட்டால் பள்ளம் சரிந்தது. அந்த முறையில் திருப்பியது எல்லாம் கழிவுக் குவியலுக்குப் போகும். அதற்கு முன்பே நிறுத்திவிட்டால், நீர் அட்டைகளை ஒவ்வொன்றாக உங்கள் ஏரியில் வையுங்கள். மணல் அட்டை இருந்தால் அது மட்டும் கழிவுக்கு. கூட்டுத்தொகை 10-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ ஏரி நிரம்பிவிட்டது. மிச்சமிருக்கும் அட்டைகள் கோடி போய் இடப்பக்கத்தவரின் ஏரியில் சேரும். நிரம்பிய ஏரியிலிருந்து ஓர் அட்டையைக் கவிழ்த்து உங்கள் முன் வையுங்கள். அது ஒரு போகம், அதாவது ஒரு விளைச்சல். மற்றவை கழிவுக்கு. ஆறு தீர்ந்தால் கழிவுக் குவியலைக் கலைத்து மறுபடி ஆறாக வையுங்கள். முதலில் மூன்று போகம் எடுப்பவர் வென்றார்.

அரைப்பக்கத்துக்குள் அடங்காவிட்டால், முதல் விளையாட்டுக்கு அது கனம் அதிகம். குறையுங்கள்.

3. கணக்கு போடுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. பள்ளிக்கூட நிகழ்தகவு போதும், பயப்பட வேண்டாம். நீர் அட்டைகள் 40: மதிப்பு 1 உள்ளவை 14, 2 உள்ளவை 12, 3 உள்ளவை 8, 4 உள்ளவை 6. மணல் 14. புதிதாகக் கலைத்த கட்டில் இரண்டு அட்டை திருப்பினால் பள்ளம் சரியும் வாய்ப்பு சுமார் 6 சதவீதம். மூன்றாவது அட்டையில் அது 16 ஆகிறது. நான்கில் 27, ஐந்தில் 39. நீர் அட்டையின் சராசரி மதிப்பு 2.15. ஆக, மூன்று அட்டையோடு நிறுத்துவது நிதானம், ஐந்து எடுப்பது துணிச்சல்.

மணலை 20 ஆக்கினால் எல்லோரும் இரண்டு அட்டையோடு பயந்து நிறுத்துவார்கள். 8 ஆக்கினால் யாரும் நிறுத்தவே மாட்டார்கள். இரண்டு பக்கமும் முடிவு செத்துப்போகும். உங்கள் விளையாட்டுக்கும் இப்படி ஒரு சிறு கணக்கு போட்டு வையுங்கள். சோதிக்கும்போது எந்த எண்ணைத் திருகுவது என்று அதுதான் காட்டும்.

4. மாதிரிக் கட்டு

சாதாரணச் சீட்டுக்கட்டு ஒன்று வாங்குங்கள். 52 சீட்டும் 2 ஜோக்கரும் சேர்ந்து சரியாக 54. முகப்பில் சிறு வெள்ளைத்தாள் ஒட்டி, மார்க்கரால் எண் எழுதுங்கள். மணலுக்கு ஒரு கோடு போதும். இந்த நிலையில் படம் வரையாதீர்கள். அழகாக வரைந்த அட்டையைத் தூக்கிப்போட மனம் வராது. தூக்கிப்போட வேண்டிய அட்டைகள் நிறைய வரும்.

5. ஆடவிட்டுப் பாருங்கள்

முதலில் வீட்டாரோடு ஆடுங்கள். பிறகு விதித்தாளை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் உட்காருங்கள். இதுதான் உண்மையான தேர்வு. விலை கொடுத்து வாங்குகிறவர் வீட்டில் விளக்கம் சொல்ல நீங்கள் இருக்கப்போவதில்லை. எந்த வரியில் புருவத்தைச் சுருக்குகிறார்கள், எங்கே ‘இப்ப என்ன பண்ணணும்?’ என்று கேட்கிறார்கள், எப்போது போனை எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள். முகத்துக்காக எல்லோரும் ‘சூப்பர்’ என்பார்கள். ‘இன்னொரு ஆட்டம் போடலாமா?’ என்று அவர்களாகவே கேட்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். மாற்றம் செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இந்த வேலைக்கு வேலூரைப் போல வசதியான ஊர் குறைவு என்பேன். விஐடி பல்கலைக்கழகத்தில் எல்லா மாநில மாணவர்களும் இருக்கிறார்கள். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். மாலையில் பொழுது போகாமல் இருப்பவர்களிடம், அவர்கள் மனநிலை பார்த்து, பணிவோடு கேட்டுப் பாருங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர் உங்கள் அட்டையைப் புரிந்துகொள்கிறாரா என்று அங்கேயே தெரிந்துவிடும். ‘ஊற்று’ அட்டைகளில் எழுத்தே தேவையில்லை: மதிப்புக்கு ஏற்ப ஒன்று முதல் நான்கு நீர்த்துளிகள், மணலுக்கு ஒரு குவியல். துளியும் குவியலும் வடிவத்திலேயே வேறுபடுவதால் நிறக்குருடு உள்ளவர்களும் ஆடலாம்.

6. வடிவமைப்பும் அச்சும்

இப்போது படம். அளவு 63 × 88 மில்லிமீட்டர். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பின்னணி நிறத்தை நீட்டிவிடுங்கள். வெட்டும்போது கத்தி சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாது. முக்கியமானவை எல்லாம் விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். படத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), நிறத்துக்கு அச்சுக்கான சிஎம்ஒய்கே முறை. வரைவதற்கு இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் தாராளமாகப் போதும். சிஎம்ஒய்கே-ஆக மாற்றுவதை அச்சகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விதித்தாளில் தமிழ் எழுத்துகளைப் பாத்-ஆக (வரைந்த கோட்டு வடிவமாக) மாற்றிய பிறகே பிடிஎஃப் எடுங்கள். இல்லாவிட்டால் அச்சகக் கணினியில் ‘கொ’ உடைந்து தனித்தனியாக நிற்கும். பின்பக்கத்துக்கு மெல்லிய பார்டர் வேண்டாம். வெட்டு அரை மில்லிமீட்டர் விலகினாலும் அட்டைக்கு அட்டை வித்தியாசம் தெரிந்து, கவிழ்த்திருப்பது எது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிஜிட்டல் அச்சகத்துக்கே போங்கள். 12 × 18 அங்குலத் தாளில், 3 மில்லிமீட்டர் நீட்டலோடு சேர்த்தே 18 அட்டைகள் அடங்கும். மூன்று தாளில் ஒரு கட்டு முடிந்தது. 54 என்ற எண்ணை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் காரணம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டு, இரண்டு பக்கமும் மேட் லேமினேஷன், முனைகளை உருட்டி வெட்டக் கார்னர் கட்டர். மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு கட்டு எடுங்கள். அட்டையின் பின்னால் போன் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். முன்பக்கத் துளிகள் தெரிந்தால், பின்பக்க நிறத்தை அடர்த்தியாக்குங்கள் அல்லது தடித்த அட்டைக்கு மாறுங்கள். மறைந்திருப்பதுதான் இந்த விளையாட்டின் உயிர்.

பெட்டியின் அளவை அட்டைகள் கைக்கு வந்த பிறகே சொல்லுங்கள். லேமினேஷனோடு 54 அட்டை இரண்டு சென்டிமீட்டர் உயரத்தை ஒட்டி வரும்.

முதல் பதிப்புக்கு 50 கட்டு போதும். நூற்றுக்கணக்கில் போகும் நிலை வந்தால் பிளேட் செய்து அடிக்கும் ஆஃப்செட் அச்சுக்கு மாறலாம். பிளேட் செலவு அப்போதுதான் கட்டுப்படியாகும். அந்த அளவுக்குச் சிவகாசி அச்சகங்களில் விலை கேளுங்கள்.

7. விற்பதற்கு முன்

பெட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எண்ணிக்கை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு எண் ஆகியவை இருக்க வேண்டும். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். எனவே உங்கள் விளையாட்டு யாருக்கானது என்பதை முதலிலேயே முடிவுசெய்து, பெட்டியில் வயதை நேர்மையாக அச்சிடுங்கள். சந்தேகம் இருந்தால் அச்சுக்கு முன் ஆலோசகரிடம் கேளுங்கள். விளையாட்டின் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. நீங்கள் எழுதிய விதித்தாளுக்கும் வரைந்த படங்களுக்கும் உண்டு. பெயரைக் காக்க விரும்பினால் வணிகச் சின்னத்தை 28-ஆம் வகுப்பில் (விளையாட்டுப் பொருள்களுக்கான வகுப்பு) பதியலாம்.

விலை வைக்கும்போது அச்சுச் செலவை மட்டும் பார்க்காதீர்கள். கடைக்காரர் கமிஷன், கூரியர், வீணாகும் கட்டுகள் எல்லாம் அதற்குள்தான் வர வேண்டும். தயாரிப்புச் செலவைப் போல நான்கு மடங்குக்குக் கீழே வைத்தால் கடை வழியாக விற்பது கடினம்.

முதல் கட்டுகளைப் புத்தகத் திருவிழாவிலோ கல்லூரி விழாவிலோ ஒரு மேசை போட்டு விற்றுப் பாருங்கள். மேசையில் ஒரு கட்டு எப்போதும் பிரித்தே இருக்கட்டும். ஆடிப் பார்த்தவர்தான் வாங்குவார். விதித்தாளின் அடியில் ‘பதிப்பு 1’ என்று அச்சிட்டு, ஒரு வாட்ஸ்அப் எண்ணும் கொடுங்கள். வாங்கியவர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் கேட்ட சொற்களிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால், அந்த வரியைத் திருத்திய பிறகே ‘பதிப்பு 2’-ஐ அச்சுக்குக் கொடுங்கள்.