காட்டுத் தீ நெருங்கினால்: ஆணியில் ஒரு பை, கொட்டகையில் ஒரு அரிவாள்

மாசி பிறந்தாலே எங்கள் பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் மூங்கிலும் உண்ணிச்செடியும் சருகாகிவிடும். ஒரு ராத்திரி, புகை வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் ரேஷன் கார்டைத் தேட ஆரம்பித்தோம். அம்மாவோ களியைக் கிண்டிக்கொண்டே "இதோ ஆச்சுடா" என்கிறார்! அன்றிலிருந்து கோடை முழுக்க வாசல் ஆணியில் ஒரு பை தொங்குகிறது: பட்டா, ஆதார், பாஸ்புக், அப்பாவின் சுகர் மாத்திரை, டார்ச்.

எந்தப் பக்கம் போவது என்பதுதான் முக்கியம். தீ மேட்டைப் பார்த்துத்தான் வேகமாக ஏறும். அனல் முன்னால் போய் மேலே உள்ள புல்லைக் காயவைத்துவிடும். அதனால் பயத்தில் கரடு ஏறாதீர்கள். காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகி, தார் ரோட்டுக்கோ உழுத கொல்லைக்கோ மணல் ஓடைக்கோ வந்துவிடுங்கள். 2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலையில் தீயில் சிக்கி இறந்தவர்களை மறந்திருக்க மாட்டீர்கள்.

நைலான் புடவை, பாலியஸ்டர் சட்டை வேண்டாம், உருகித் தோலில் ஒட்டும். பருத்தித் துணி போதும். குழந்தைகளின் மூக்கில் ஈரத் துண்டு. கிளம்புமுன் சிலிண்டரை மூடிவிடுங்கள்.

மாடுகள்? மிரண்டு இழுத்ததில் முடிச்சு இறுகி, எங்களுக்கு அவிழவே இல்லை. கடைசியில் அரிவாளால் கயிற்றை அறுத்துத்தான் விட்டோம். இப்போது அரிவாள் கொட்டகையிலேயே செருகி இருக்கிறது.

தீயணைப்புக்கு 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. சார்ஜ் தீர்ந்தால் போனில் பதிந்த நம்பர் உதவாது. சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறோம்.