நாட்குறிப்பு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுதினால் மனம் தெளியும் என்று கேள்விப்பட்டுக் குறிப்பேடு வாங்குகிறவர்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களிலும் இருக்கிறார்கள். ஆனால், பலர் அதை மளிகைக்கடைப் பற்று எழுதும் 555 புத்தகத்தைப் போலவே நிரப்பிவிடுகிறார்கள். காலையில் பெரட்டு (தோட்டத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது), மாலையில் மழை, முன்பணம் இருநூறு ரிங்கிட் என்று எல்லாம் பதிவாகியிருக்கும். எழுதியவர் என்ன உணர்ந்தார் என்பது மட்டும் இருக்காது. ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து 4 நாள்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். தங்களை உலுக்கிய நிகழ்ச்சியோடு அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்களே அடுத்த 6 மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகச் சென்றார்கள். நடந்ததை மட்டும் எழுதியவர்களுக்கு அப்பயன் கிட்டவில்லை.

இதைவிடப் பெரிய தவறு, ஒரே குறையைத் திரும்பத் திரும்ப எழுதுவது. “தண்டல் இன்றும் எல்லார் முன்னிலையிலும் ஏசினார், எல்லாம் என் தலைவிதி” என்று எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கும் ஒரு பெண், வேலையை மேற்பார்க்கும் தண்டலைப் பற்றி நாள்தோறும் எழுதினால், புண் ஆறாது, கிளறப்படும். அவரே ஒருநாள், இத்தனை பேச்சுகளில் இது மட்டும் ஏன் இவ்வளவு சுட்டது என்று தம்மைக் கேட்டு, “பக்கத்தில் என் மகன் நின்றுகொண்டிருந்தான், அவன் கண்ணில் நான் சிறுத்துப்போனேன் என்று பயந்தேன்” என்று எழுதிவிட்டால், அன்றிரவு மகனோடு பேசுவதற்கு அவருக்கு ஒரு வழி கிடைக்கிறது. எழுத எழுதக் காரணமும் புரிதலும் கூடிவருகிறவர்களே அதிகம் பயனடைகிறார்கள் என்பதைப் பென்னபேக்கரின் பிற்கால ஆய்வுகளும் காட்டின.

தமிழ்ப்பள்ளிக் கட்டுரைக்குப் போல அலங்காரம் தேட வேண்டியதில்லை. நெருக்கமான வீட்டில் பிறர் படித்துவிடுவார்களோ என்ற அச்சம் இருந்தால், எழுதிய தாளைக் கிழித்துப் போடலாம். அச்சத்தோடு எழுதும் வரியில் உண்மை தங்குவதில்லை.

எழுதி முடித்த உடனே அமைதி வர வேண்டும் என எதிர்பார்ப்பதும் தவறே. மேற்சொன்ன ஆய்விலும் உணர்வையும் சேர்த்து எழுதிய மாணவர்களின் மனநிலை, எழுதிய உடனே தாழ்ந்தே இருந்தது. ஆயினும், துக்கம் மிகப் புதியதாக இருந்து, எழுத எழுதத் தூக்கம் கெட்டால், ஏட்டை மூடிவைத்துவிட்டு அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்ப்பதே நல்லது. இடையில் விட்டுப்போன நாள்களை உட்கார்ந்து நிரப்ப வேண்டாம்; இன்றைய தேதியிலிருந்து தொடர்ந்தால் போதும்.