‘கவுண்டர்சேஞ்ச்டு’ கேடயத்தை வரைவது எப்படி?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலக் கொடியை ஒரு விளக்கப்படத்துக்காக வரைய நேர்ந்தபோதுதான், ஐரோப்பிய மரபுச்சின்னவியலில் (கேடயங்களில் குடும்பச் சின்னங்கள் வரையும் கலையில்) வழங்கும் ‘கவுண்டர்சேஞ்ச்டு’ என்ற சொல்லில் நான் சிக்கினேன். நான் புரட்டிய அகராதி ‘நிறம் மாற்றப்பட்ட’ என்று பொருள் கூறியதே தவிர, எந்த நிறம், எந்த இடத்தில், எதுவாக மாறுகிறது என்பதைக் கூறவில்லை.

உண்மையில் இது ஒரு நிறத்தின் பெயரன்று. வரைபவருக்கு இடப்படும் கட்டளை. கேடயத்தின் தளம் இரண்டு நிறங்களாகப் பிரிந்திருக்க, அதன் மேல் வரும் உருவம் ஒவ்வோர் இடத்திலும் தனக்கு அடியில் உள்ள நிறத்தை விட்டு மற்றதை ஏற்க வேண்டும்.

முதலில் எளிய கேடயம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலக் கவிஞர் ஜெப்ரி சாசரின் சின்னம் நெடுக்காக இரண்டு பாதிகளாகப் பிரிந்தது: வலப்பாதி வெள்ளி (வரையும்போது வெள்ளை), இடப்பாதி சிவப்பு, நடுவே நிறம் மாறும் சாய்பட்டை ஒன்று. இங்கே வலம் என்பது கேடயத்தை ஏந்தி நிற்பவரின் வலம், அதாவது பார்க்கும் நமக்கு இடப்பக்கம். எனவே நமக்கு இடப்புற மேல்மூலையிலிருந்து வலப்புறக் கீழ்ப்பகுதிக்கு இறங்கும் பட்டை, வெள்ளியின் மேல் சிவப்பாகவும் சிவப்பின் மேல் வெள்ளியாகவும் அமையும்.

அடுத்தது மேரிலாந்துக் கொடியில் உள்ள கால்வெர்ட் குடும்பச் சின்னம். பொன்னும் கறுப்புமாக ஆறு செங்குத்துப் பட்டைகள், அவற்றின் மேல் நிறம் மாறும் சாய்பட்டை. நான் தவறியது இங்கேதான். சாய்பட்டைக்குள் வரும் பிரிவுக்கோடுகளும் பட்டையோடு சேர்ந்து சாய வேண்டும் என்று எண்ணி, ஒரு மாலைப்பொழுது முழுவதும் அவற்றைச் சாய்த்து வரைந்து, ஏன் கொடியைப் போலத் தெரியவில்லை என்று விழித்துக்கொண்டிருந்தேன். கோடுகள் அசைவதே இல்லை. தளத்தின் செங்குத்துக் கோடுகள் பட்டைக்குள்ளும் நேராகவே தொடர்கின்றன, அவற்றுக்கு இருபுறமும் உள்ள நிறங்கள் மட்டுமே இடம் மாறுகின்றன.

இதற்கு இங்க்ஸ்கேப் போன்ற வெக்டர் மென்பொருளையே பரிந்துரைப்பேன். வண்ணவாளியால் கட்டம் கட்டமாக நிரப்பினால் ஓரங்களில் மெல்லிய கீற்று எஞ்சி எரிச்சலூட்டும். கேடய வடிவத்தைப் பொன்னிறத்தில் வரைந்து, அதன் மேல் இரண்டாம், நான்காம், ஆறாம் பட்டைகளைக் கறுப்பில் இட்டு, அம்மூன்றையும் ‘யூனியன்’ கட்டளையால் ஒரே பாதையாக, அதாவது ஒரே கோட்டுருவமாக, ஆக்குங்கள் (குழுவாக்கினால் போதாது). சாய்பட்டையை அவற்றின் மேல் வைத்து, அந்தப் பாதையையும் இதையும் சேர்த்துத் தேர்ந்து ‘எக்ஸ்குளூஷன்’ கொடுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் துளையாகி, அடியிலுள்ள பொன் தெரியும். மற்ற இடமெல்லாம் கறுப்பாக நிற்கும். கவுண்டர்சேஞ்ச்டு என்ற சொல் கேட்பது இதைத்தான். இறுதியாகக் கேடயத்தின் நகலொன்றை எடுத்து, அந்தக் கறுப்புப் பாதையோடு சேர்த்து ‘இன்டர்செக்ஷன்’ செய்தால் வெளியே நீளும் பகுதிகள் நீங்கிவிடும்.

அதே கொடியின் கிராஸ்லேண்ட் குடும்பச் சின்னமும் இம்முறைக்கு உட்பட்டதே. வெள்ளி, சிவப்பு என மாறிவரும் நான்கு கட்டங்களில் எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு சிவப்புக் கட்டங்களை ஒரே பாதையாக்கி, முனைகளில் மும்மணி கொண்ட சிலுவையோடு ‘எக்ஸ்குளூஷன்’ செய்தால் போதும்.

பின்சேர்க்கை: வண்ணத்தாளில் அச்சிட்டபோது வெள்ளி இருக்க வேண்டிய இடத்தில் தாளின் நிறமே தெரிந்தது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். துளை வெறும் துளைதான் என்பதால், அடியில் கேடய வடிவத்தை வெள்ளை நிரப்பி வைத்திருக்க வேண்டும். எனக்குப் பழகிப்போனதால் அதை வலியுறுத்தத் தவறிவிட்டேன். உலோக நிறத்தின் (பொன், வெள்ளி) மேல் உலோகம் வரக்கூடாது என்ற விதி மீறப்படாதா என்று மற்றொருவர் கேட்டிருந்தார். தளத்தின் ஒரு நிறம் உலோகமாகவும் மற்றது வண்ணமாகவும் இருக்கும்வரை, பொன்னின் மேல் கறுப்பும் கறுப்பின் மேல் பொன்னும் மட்டுமே வரும் என்பதால் அந்த விதி தானாகவே காக்கப்படுகிறது.