ஆப்பிளின் சொந்தங்களை அடையாளம் காண்பது எப்படி?

பழத்தை நெடுக்காக அல்ல, நடுவில் குறுக்காக வெட்டுங்கள். நட்சத்திரம் போல ஐந்து விதை அறைகள் தெரிகின்றனவா? காம்புக்கு எதிர்முனையில் காய்ந்த புல்லியிதழ்கள் ஒட்டியிருக்கின்றனவா? சூலகம் பூவின் கிண்ணத்துக்குள் புதைந்து வளர்ந்ததன் தடயம் அது. நாம் தின்னும் சதையில் பெரும்பகுதி அந்தக் கிண்ணம்தான்.

புல்லியிதழை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். கொய்யாவிலும் அது இருக்கும், ஆனால் அது நாவல் குடும்பம். இலையைப் பாருங்கள்: கொய்யாவில் எதிரெதிராக, ஆப்பிள் அடங்கிய ரோஜா குடும்பத்தில் பெரும்பாலும் மாற்றடுக்கில், அதாவது ஒரு கணுவுக்கு ஓர் இலையாக.

அறைக்குப் பொதுவாக 2 விதை என்றால் ஆப்பிளோ பேரியோ. நிறைய இருந்தால் அவற்றின் உறவான குயின்ஸ் என்ற பழம். சதை நறநறவென்றால் பேரி, தடித்த சுவர் கொண்ட கல் செல்கள்தான் காரணம். சில ஆப்பிள் இனங்களிலும் அவை உண்டு என்பதால் பூவைப் பார்ப்பதே உத்தமம். ஆப்பிளில் சூலகத்தின் மேல் நீளும் சூலகத்தண்டுகள் அடியில் ஒட்டியிருக்கும், பேரியில் தனித்தனி.

ஒரே கடினக் கொட்டை என்றால் பீச், பிளம், செர்ரி அடங்கிய புரூனஸ் பேரினம். ஸ்ட்ராபெர்ரியும் ரோஜாவும் இன்னும் தூரத்துச் சொந்தம்.

பழைய நூல்களில் பெயர் குழப்பும். சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் ஆப்பிளைப் பேரியோடு பைரஸ் பேரினத்தில் வைத்தார். 1754-இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் பிலிப் மில்லர் ஆப்பிளை மாலஸ் என்ற தனிப் பேரினமாகப் பிரித்தார். ஆப்பிளும் பேரியும் இருந்த மாலோய்டியே என்ற துணைக்குடும்பம் இப்போது புரூனஸும் அடங்கிய அமிக்டலோய்டியே துணைக்குடும்பத்துக்குள் அடக்கம்.