கச்சான் காற்றுக் காலத்தில் மரத்தோணி: கலப்பத்து முதல் கல்குடா வரை

மாசி, பங்குனி வெயிலில் மட்டக்களப்புக் கரையில் காய்ந்து கிடந்த பாய்த்தோணியைக் கடலுக்கு ஆயத்தப்படுத்தும்போது பலரும் விடும் பிழை ஒன்றுதான். பலகைகளுக்கிடையே வெடிப்பைக் கண்டதும் பஞ்சை இறுக்கி அடித்துவிடுவார்கள். தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊதும். ஊத இடமில்லாவிட்டால் ஆணியை இழுக்கும், வங்குக்காலை (உள்ளே பலகையைத் தாங்கும் வளைந்த சட்டம்) பிளக்கும். பிறகு தோணி கட்டும் தச்சரான ஓடாவியார் வந்து அரைவாசித் தோணியைக் கழற்ற வேண்டிவரும்.

ஆகவே முதலில் ஈரம். உள்ளே ஈரச்சாக்கு விரித்து, காலையும் மாலையும் உப்புத் தண்ணீர் தெளித்து ஒரு கிழமை விடுங்கள். மழைத்தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ வேண்டாம், நல்ல தண்ணீர் தேங்கினால் மரம் உக்கும். தரையில் நிற்கும் தோணிக்குள் தண்ணீரை நிரப்பி விடுவதும் கூடாது. அந்தப் பாரத்தைத் தாங்க வெளியே கடல் இல்லை, பலகை விலகும்.

ஒரு கிழமைக்குப் பிறகும் மூடாத இடுக்கில் மட்டும் கலப்பத்து, அதாவது பஞ்சடைப்பு, பாருங்கள். பழைய பஞ்சைக் கொக்கியால் இழுத்தெடுத்து, இடுக்கைச் சுரண்டி, பருத்தித்திரியைச் சிறு சிறு மடிப்பாக மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு அடித்தால் போதும். சுத்தியல் துள்ளத் தொடங்கினால் நிறுத்துங்கள். மேலே குங்கிலியமும் (மரப்பிசின்) தேங்காய் எண்ணெயும் உருக்கிய பூச்சு. அதன் பதத்தை அறிய ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, எடுத்து வளையுங்கள். முறிந்தால் எண்ணெய் காணாது, விரலில் ஒட்டினால் குங்கிலியம் காணாது. மெல்லிய நெருப்பில் உருக்குங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பற்றிக்கொண்டால் மணல்தான் போட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும் எண்ணெய் தெறித்து நெருப்புப் பரவும்.

இறக்கிய முதல் நாள் தோணி ஒழுகத்தான் செய்யும். ஆழமில்லாத இடத்தில் கட்டி மூன்று நாள் இறைத்துக்கொண்டிருங்கள். நாலாம் நாளும் அதே அளவு தண்ணீர் வந்தால் தோணியின் அடிநடு மரமான ஏராக்கட்டையை ஒட்டிய முதல் பலகையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மட்டக்களப்பு வாவியில் தோணியைக் கட்டி வைக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மார்கழி வெள்ளத்தில் வாவித் தண்ணீர் நன்னீர் போலாகும்போது மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு நிற்காது. வெயில் ஏறி உப்புக் கூடியதும் திரும்பி வரும். வைகாசிக்கு முன் தோணியின் அடிக்கு நச்சுப்பூச்சு அடித்துவிடுங்கள். கீறல் விழுந்த இடத்தை விட்டுவைத்தால் புழு அந்த வழியாகத்தான் நுழையும்.

காற்றும் ஆற்றுவாயும்

வைகாசி முதல் புரட்டாதி வரை மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். அது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று, அதனால் கரையோரம் தண்ணீர் தட்டையாய்க் கிடக்கும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. இரண்டு மைல் வெளியே போனதும் அலை எழும்பும், பழைய பாய்த்தோணி காற்றுக்கு எதிரே ஏறிக் கரைக்குத் திரும்பாது. நங்கூரத்தை நம்பவும் ஏலாது, ஆழம் கூட. 1942 ஏப்ரல் 9 அன்று குண்டுபட்டு மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மீஸ் மட்டக்களப்புக்கு வெளியே 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. சுழியோடிகளின் வள்ளங்கள் அங்கே நிற்பதைக் கிட்டத்தில் கண்டீர்களென்றால் நீங்கள் அளவுக்கு மிஞ்சி வெளியே வந்துவிட்டீர்கள். கரையிலிருந்து ஒரு மைலுக்குள் நில்லுங்கள். அந்த ஒரு மைலுக்குள்தான் கரைவலையும் கிடக்கும். கரையில் ஆட்கள் வரிசையாய்க் கயிறு இழுப்பது தெரிந்தால் மிதவைகளுக்கு வெளியால் சுற்றிப் போங்கள்.

விடியும்போதே சூடான மேற்குக் காற்று தென்னோலையை மடக்கி அடித்தால் அன்று பயணம் வேண்டாம்.

வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல்திட்டு ஒவ்வொரு பருவமும் இடம் மாறும். வறட்சியில் சில ஆண்டுகள் வாயே மூடிப்போகும். ஆடியில் ஓட நினைக்கிறவர் சித்திரையிலேயே தோணியை வாழைச்சேனைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுவது புத்தி. முகத்துவாரத்தை அடுத்த பாலமீன்மடுவில் அன்று காலை போய்வந்த மீனவரிடம் தோணி போகும் வாய்க்கால் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். வரைபடத்தைவிட அவர் பேச்சுக்குத்தான் இங்கே பெறுமதி. வாவித் தண்ணீர் வெளியே பாயும் நேரத்தில் பிற்பகல் கடற்காற்று எதிரே அடித்தால் அலை குத்தாக நிற்கும், அப்போது நுழையாதீர்கள். வெளியே நின்று கால்மணி நேரம் அலையைப் பாருங்கள். பெரிய அலைத்தொகுதி கடந்ததும் எஞ்சினை ஓட்டியபடி, பின்பக்கம் அலைக்கு நேராக இருக்கும்படி சுக்கானைப் பிடித்து உள்ளே வாருங்கள். தோணி குறுக்கே திரும்பினால் கவிழும்.

கல்குடாவுக்கு ஒரு நாள்

முகத்துவாரத்திலிருந்து கல்குடா சுமார் 12 கடல்மைல். மணிக்கு 4 கடல்மைல் ஓடினால் மூன்று மணி நேரம். விடியற்புறம் நாலு மணிக்கு, தரைக்காற்று இருக்கையிலேயே புறப்படுங்கள். காற்று இடப்பக்கத்தில் விழும், பாய் இலகுவாய் நிற்கும். 1913இல் கட்டிய வெளிச்சவீட்டைப் பின்னால் வைத்து வடமேற்காகப் போங்கள். பத்து மணிக்குப் பிறகு எழும்பும் கடற்காற்றுக்கு முன் நங்கூரம் போட்டிருக்க வேண்டும்.

பாய் தொங்கும் குறுக்குமரமான பருமலில் பெரிய பாயைக் கட்டும்போதே சின்னப்பாயைக் கைக்கெட்டும் இடத்தில் சுருட்டி வையுங்கள். கடலில் வெள்ளைநுரை பரவலாய்த் தெரிந்ததும் மாற்றுங்கள், ஒருவர் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று சொல்லும் நேரந்தான் மாற்றவேண்டிய நேரம். பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். ஒரு சுற்றுச் சுற்றி ஆள் கையில் பிடிக்கட்டும், திடீர்க்காற்றில் விட்டுவிடலாம். பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிறு இறக்கும்போது சிக்காமலிருக்கப் புறப்படுமுன் ஒருதரம் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

பாசிக்குடாவில் ஆழமும் குறைவு, முருகைக்கல்லும் (பவளப்பாறை) உண்டு. கல்குடாப் பக்கம் மணலில் நங்கூரம் போடுங்கள், ஆழத்தின் ஐந்து மடங்கு கயிறு, இராத்தங்கல் என்றால் ஏழு மடங்கு. தெற்கே ஒலுவில் வரை இப்படியொரு ஒதுக்கிடம் இல்லை, ஒலுவில் துறைமுக வாயும் மணலால் அடைபடுவது வழமை. அந்தப் பக்கம் போகிறவர் அன்றே திரும்பும் தூரத்தை மட்டும் கணக்குப் பண்ணுங்கள்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர் தண்ணீர், உயிர்காப்பு அங்கி, இரண்டு நங்கூரம், வாளி இரண்டு. வானொலிக் கருவி இருந்தால் அவசர அழைப்புக்கான அலைவரிசை 16இல் விடுங்கள். இறைக்கும் பம்பி பழுதானாலும் வாளி பழுதாகாது.