< எது, > எது? குழப்பம் தீர ஒரு வழி
இந்தக் குறிகளின் பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள், வடிவத்தைப் பாருங்கள். அகலமாகத் திறந்திருக்கும் பக்கம் பெரிய எண்ணுக்கு, கூர்முனை சிறிய எண்ணுக்கு. அதனால் 3 < 8 என்றாலும் 8 > 3 என்றாலும் சொல்வது ஒன்றுதான். 1631-இல் வெளியான, ஆங்கிலேயக் கணித அறிஞர் தாமஸ் ஹாரியட்டின் நூலில் அச்சான குறிகள் இவை. இத்தனை காலம் நிலைத்ததற்கு இந்த எளிமையே காரணம் என்று எனக்குத் தோன்றும்.

அடியில் கோடு இருந்தால் சமமாகவும் இருக்கலாம். 'வயது ≥ 18' என்றால் 18-உம் சேரும். 'வயது > 18' என்றால் சேராது.

அதிகம் பேர் தடுமாறுவது குறை எண்களில்தான். −5, −2 இரண்டையும் பார்த்ததும் 5 பெரிதாயிற்றே என்று கை −5 பக்கம் போய்விடும். எண்கோட்டை மனதில் வரையுங்கள். வலப்பக்கம் இருப்பதே பெரியது, ஆகவே −5 < −2.

அப்புறம், மதிப்பெண் பறிபோகும் இடம் ஒன்று உண்டு. இரு பக்கத்தையும் குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறியைத் திருப்பிப் போட வேண்டும். 2 < 6 என்பதை −1 ஆல் பெருக்கிப் பாருங்கள்: −2 > −6. கூட்டும்போதும் கழிக்கும்போதும் இந்தத் தொல்லை கிடையாது, எந்த எண்ணானாலும் குறி அப்படியே இருக்கும்.